குருவி வழி விட்டாலும் பார்க்கிங் விடாது

ஏப்ரல் பொறந்தா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான்.

"மச்சான், பீச்ச மூடிட்டானுங்களாமே?"

ஆமாண்டா, மூடிட்டாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி மூடுவாங்க. தேதியப் பாத்து யாரோ விளையாடுறாங்கன்னு நினைக்காதே.

பாஸ்டனுக்கு வடக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா ப்ளம் ஐலண்டுன்னு ஒரு நீள மணல் தீவு வரும். வடக்கு முனையில வீடுங்க. அதைத் தாண்டி தெற்கே போனா தீவோட பெரும்பகுதி பார்க்கர் ரிவர் தேசிய வனவிலங்குப் புகலிடம். ஒரு பக்கம் அட்லாண்டிக். இன்னொரு பக்கம் உப்பங்கழி, கண்ணுக்கெட்டின வரைக்கும் சதுப்புப் புல்லு. நடுவுல ஆறு மைலுக்கு மேல வெறும் மணல். ஒரு கடை கிடையாது, ஒரு ஓட்டல் கிடையாது, சுண்டல் விக்கிற பையன் கிடையாது. ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் (ஸ்ட்ரைப்பர்னும் சொல்லுவாங்க) பிடிக்கிற பைத்தியம் பிடிச்சவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

இந்த வருஷம் போன் பண்ணின மச்சான் கொஞ்சம் சூடாவே இருந்தான். புதுசா பத்தடி சர்ஃப் ராடு வாங்கி வச்சிருக்கான். "மனுஷனுக்கு இடம் இல்ல, உள்ளங்கை சைஸ் குருவிக்கு ஆறு மைலாடா? எந்த ஊரு நியாயம் இது?" போன்ல சொல்லி மாளல. அதான் இங்க எழுதுறேன். (படிச்சிட்டு மறுபடி போன் பண்ணுவான். பண்ணட்டும்.)

முதல்ல அந்தக் குருவி. குருவியே இல்ல அது. நம்ம ஊர்க் கடற்கரையில உப்புக்கொத்தின்னு சொல்றோமே, அந்த வகையறா. இங்க பைப்பிங் ப்ளோவர். மச்சானுக்கு உலகத்துல ரெண்டே பறவைதான்: குருவி, கோழி.

காஞ்ச மணல் நிறம், கழுத்துல ஒரு கருப்புப் பட்டை, ஆரஞ்சுக் கால். கூடுன்னு எதுவும் கட்டாது. திறந்த மணல்ல ஒரு சின்னக் குழி, அதுல நாலஞ்சு கிளிஞ்சல் துண்டு, நாலு முட்டை. முட்டையும் மணல் நிறம். ரெண்டடி தள்ளி நின்னு உத்துப் பாத்தாலும் கண்ணுக்குத் தட்டாது. கால் வச்சப்புறம்தான் தெரியும்.

அடைகாக்க கிட்டத்தட்ட நாலு வாரம். பொரிச்ச சில மணி நேரத்துல குஞ்சு எழுந்து ஓட ஆரம்பிச்சிடும். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும். ஆனா பறக்க இன்னும் நாலு வாரம் ஆகும். அது வரைக்கும் அலையோரத்துல தானே போய்த்தான் இரை தேடணும், அம்மா ஊட்டிவிடாது. ஆபத்து வந்தா ஓடித் தப்பிக்காது, அப்படியே மணல்ல படுத்துக்கும். கார் டயர் போன பள்ளம் இருந்தா அதுக்குள்ள பதுங்கும். அடுத்த கார் வரும்போது என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

முதல் முட்டை போச்சுன்னா மறுபடி முட்டை போடும். அதான் மச்சான், கதவு எப்போ திறக்கும்னு யாராலயும் தேதி போட்டுச் சொல்ல முடியல. ஜூலை 1-லிருந்து, குஞ்சு பறந்து போன பகுதியாப் பாத்து கொஞ்சம் கொஞ்சமாத் திறப்பாங்க. முழுசாத் திறக்க ஆகஸ்ட் ஆயிடும். (லீவு போட்டுப் பிளான் பண்றவனுக்கு இது கொடுமை. எனக்கும் எரிச்சல்தான். ஆனா குஞ்சுகிட்ட போய் சீக்கிரம் பறன்னு சொல்ல முடியாதே.)

மீன் பிடிக்கிற நாம இதுல இன்னொரு வேலையும் பண்றோம். மீந்து போன இரை, அறுத்துப் போட்ட காணாங்கெளுத்தித் தலை எல்லாத்தையும் மணல்லயே விட்டுட்டு வந்துடறோம். அதுக்குக் கடற்காக்கை வரும், காகம் வரும், ராத்திரி நரி வரும். வந்தது அதோட நிக்குமா? பக்கத்துல இருக்கிற முட்டையையும் முடிச்சிட்டுத்தான் போகும்.

1986-ல இந்தப் பறவைய அழியும் ஆபத்துப் பட்டியல்ல சேத்தப்போ மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்கத் தேடினாலும் 150 ஜோடி தேறல. இப்போ ஆயிரம் ஜோடியத் தாண்டியாச்சு. கூடு இருக்கிற இடத்தச் சுத்திக் கயிறு கட்டினதும் பீச்ச மூடினதும்தான் காரணம், வேற மந்திரம் இல்ல. நடுவுல ஊர்க்காரங்க பட்ட கோபம் கொஞ்சமா? "பைப்பிங் ப்ளோவர் கோழிக்கறி மாதிரியே ருசிக்கும்"னு கார் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க. மச்சானுக்கு அந்த ஸ்டிக்கர் ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன்.

சரி, புகலிடம்னா என்ன? இதுலதான் நம்ம ஆளுங்க எல்லாரும் குழம்புறாங்க. பார்க்குன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. பார்க் மனுஷனுக்கு. புகலிடம் பறவைக்கும் மிருகத்துக்கும். 1903-ல தியோடர் ரூஸ்வெல்ட் ஃப்ளோரிடாவுல பெலிக்கன் ஐலண்டுன்னு ஒரு குட்டித் தீவக் காப்பாத்தினார். அப்போ சீமாட்டிங்க தொப்பியில இறகு குத்திக்கறதுக்காகப் பறவைங்களக் கூட்டம் கூட்டமா சுட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. அங்க ஆரம்பிச்சது இன்னிக்கு 570-க்கு மேல புகலிடமா வளந்திருக்கு.

இதுல அடிப்படை விதி தலைகீழா இருக்கும். சாதாரணமா "இங்கே கூடாது"ன்னு போர்டு இருந்தாத்தான் கூடாது. புகலிடத்துல "இங்கே கூடும்"னு எழுதி இருந்தாத்தான் கூடும். எழுதாத இடமெல்லாம் மூடின இடம். மீன் பிடிக்கணுமா? அது அந்த இடத்துக் குறிக்கோளைக் கெடுக்காதுன்னு மேலாளர் எழுத்துல தீர்மானிச்சு, விதிப் புத்தகத்துல ஏத்தி, அப்புறம்தான் நீங்க தூண்டிலப் போடலாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, 1997-ல கொண்டு வந்த சட்டம் ஆறு விஷயத்துக்கு முன்னுரிமை குடுக்குது. வேட்டை, மீன்பிடி, காட்டுயிர் பாக்கறது, போட்டோ எடுக்கறது, சுற்றுச்சூழல் கல்வி, விளக்கிச் சொல்றது. ஆமா, வேட்டையும்தான்! வேடந்தாங்கல் பாத்து வளந்த எனக்கு முதல்ல இது ஜீரணமே ஆகல. புகலிடத்துல துப்பாக்கியா? ஆனா இந்த நிலத்த வாங்கினதுல வேட்டைக்காரங்க காசு நிறைய இருக்கு. 1934-லிருந்து வாத்து ஸ்டாம்ப்புன்னு ஒண்ணு விக்கிறாங்க. வாத்து சுடறவங்க கட்டாயம் வாங்கணும். முதல் ஸ்டாம்ப்ப வரைஞ்சவர் டிங் டார்லிங்னு ஒரு பத்திரிகை கார்ட்டூனிஸ்ட்! இப்போ விலை 25 டாலர். அதுல பெரும்பங்கு நேரா பறவைகளுக்கு நிலம் வாங்கவும் காப்பாத்தவும் போகுது. நான் ஒரு வாத்தக்கூட சுட்டதில்ல (வாத்து முட்டை ஆம்லெட் கணக்குல வராது). இருந்தாலும் வருஷா வருஷம் வாங்கிடறேன். ஏன்னா அந்த ஸ்டாம்ப்பக் காட்டினா புகலிடத்துல நுழைவுக் கட்டணம் கிடையாது. புண்ணியத்துக்குப் புண்ணியம், மிச்சத்துக்கு மிச்சம்.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1947-ல இந்தப் பார்க்கர் ரிவர் பத்தி அரசாங்கம் ஒரு சின்னப் புத்தகம் போட்டது. எழுதினது அப்போ அரசாங்கத்துல வேலை பாத்த ரேச்சல் கார்சன். பூச்சிக்கொல்லி பத்தி 'மௌன வசந்தம்' எழுதி உலகத்தையே உலுக்கினாரே, அதே அம்மாதான். அதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடி.

இப்போ மீனுக்கு வருவோம்.

பீச் மூடி இருக்கிற நாள்ல மீன் பிடிக்கவே முடியாதான்னா, முடியும். தீவோட தென்கோடியில சாண்டி பாயிண்ட்னு ஒரு இடம். அது மாநில அரசுக்குச் சொந்தம். போற வழி மட்டும் புகலிடத்துக்குள்ள. பாதி தூரம் தார் ரோடு, மிச்சம் புழுதி. அங்கயும் பறவைக்குக் கயிறு கட்டி இருக்கும், ஆனா தண்ணிக்குப் போக வழி உண்டு. உப்பங்கழித் தண்ணி வத்தம்போது அந்த முனையச் சுத்திக்கிட்டு கடலுக்குப் பாயும் பாருங்க, அந்த இழுப்போட ஓரத்துலதான் ஸ்ட்ரைப்பர் காத்துக்கிட்டு நிக்கும். சின்ன மீன் தானா வாய்க்கு வந்து விழும், அதுக்கு வேற வேலை என்ன?

ஒரு தடவை அங்க கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு ப்ளோவர் திடீர்னு ஒரு றெக்கையத் தரையில இழுத்துக்கிட்டு, நொண்டி நொண்டி என் முன்னாடி ஓடுது. பாவம் அடிபட்டிருக்கேன்னு ரெண்டடி எடுத்து வச்சேன். இன்னும் கொஞ்சம் நொண்டிச்சு. நான் போதுமான தூரம் தள்ளி வந்ததும் ஜம்முனு பறந்து போச்சு. நடிப்பு! குஞ்சு எங்கயோ பக்கத்துல இருந்திருக்கு, என்னை வேற பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கு.

தூண்டில் முள்ளுக்கும் சட்டம் உண்டு. இரை கோத்து ஸ்ட்ரைப்பர் பிடிக்கணும்னா சர்க்கிள் ஹூக்தான். முள்ளோட நுனி தண்டப் பாத்து உள்ளாற வளைஞ்சிருக்கும். சின்ன வயசுல ஏரிக்கரையில தக்கை முங்கினதும் சுர்ருன்னு சுண்டி இழுத்துப் பழகின கை நம்மளோடது. இந்த முள்ளுல அப்படி இழுத்தா முள்ளு அப்படியே வழுக்கிக்கிட்டு வாய விட்டு வெளிய வந்துடும். மீன் கடிக்கும், நீங்க இழுப்பீங்க, வெறும் முள்ளு வரும். என்னதான் பண்ணணும்? ஒண்ணும் பண்ணக்கூடாது! தங்கூசி இறுகறத விரல்ல உணர்ந்துக்கிட்டு சும்மா நிக்கணும். மீன் இரைய வாங்கிக்கிட்டுத் திரும்பும். அப்போ நிதானமா ரீலச் சுத்தினா முள்ளு தானா வாயோட மூலையில போய் மாட்டிக்கும். சும்மா இருக்கறதுதான் எவ்வளவு கஷ்டம்னு அங்க நின்னாத்தான் தெரியும்.

எதுக்கு இந்த வம்புன்னா, பழைய முள்ள மீன் குடல் வரைக்கும் முழுங்கிடும். திருப்பி விட்டாலும் பிழைக்காது. விட்டுடற ஸ்ட்ரைப்பர்ல நூத்துக்கு ஒன்பது செத்துப் போகும்னுதான் மீன்வளக்காரங்க கணக்கே போடறாங்க. விடற மீன் எண்ணிக்கையோ லட்சக் கணக்குல.

ஏன் அவ்வளவு மீன விடறோம்? அளவு அப்படி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன். அது 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தத் தொடவும் கூடாது. மூணே அங்குல ஜன்னல்! முன்னாடி 35 வரைக்கும் விட்டாங்க. 2015-ல பொறந்த ஒரு பெரிய கூட்டம் வளந்து அந்த அளவுக்குள்ள நுழைஞ்சது. 2022-ல எல்லாரும் அள்ளிட்டோம். அதனால 2023 மே மாசம் அவசரமா 31-க்குக் குறைச்சாங்க. செசபீக் விரிகுடாதான் இந்த மீனுக்குப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. அங்க 2019-லிருந்து குஞ்சுப் பொறப்பு ரொம்ப மோசம். பின்னாடி வர்ற தலைமுறை இல்லேன்னா, இருக்கிற பெரிய தாய் மீன விட்டு வச்சுத்தானே ஆகணும்?

புத்திக்கு எல்லாம் புரியுது. ஆனா காலங்காத்தால அளவுகோல்ல மீனப் படுக்க வச்சு, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரைக்கும் பாத்தா இருபத்தேழே முக்கால். வீட்ல மசாலா அரைச்சு வச்சிருக்காங்க. வால கொஞ்சம் இழுத்துப் பாக்கலாமான்னு கை போகும் பாருங்க... (இழுக்கல. பக்கத்துல ஒரு பெரியவர் பாத்துக்கிட்டே இருந்தார்.)

இன்னும் காகிதம் இருக்கு. கடல்ல மீன் பிடிக்க மாநிலப் பெர்மிட் வேணும், 16 வயசுலிருந்து எல்லாருக்கும். 60 தாண்டிட்டா காசு வேண்டாம், ஆனா பெர்மிட் வேணும். புகலிடம் பொழுது சாய்ஞ்சா மூடிடும், ராத்திரி பிடிக்கணும்னா அதுக்குத் தனிப் பெர்மிட். மணல்ல வண்டி ஓட்ட இன்னொண்ணு. எனக்கு உண்மையிலேயே கடுப்பு எதுன்னா, ஒரே தீவுல வடக்கே ஊராட்சி, நடுவுல மத்திய அரசு, தெற்கே மாநில அரசு. மீனோட அளவுக்கு ஒருத்தர் சட்டம், நிக்கிற மணலுக்கு வேற ஒருத்தர் சட்டம். மீன் பாட்டுக்கு மூணு எல்லையையும் ஒரே மணி நேரத்துல தாண்டிப் போகுது. மூணு பேரும் சேந்து ஒரே ஒரு பலகை வச்சா என்ன?

இவ்வளவு புலம்பினாலும் நான் புகலிடத்துப் பக்கம்தான். காரணம் கேளுங்க.

மாசசூசெட்ஸ்ல 1640-கள்ல குடியேற்றக்காரங்க போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. அதன்படி கடலோர வீட்டுக்காரருக்கு, தண்ணி வத்துற கடைசிக் கோடு வரைக்கும் மணல் சொந்தம். வேற மாநிலத்துல பெரும்பாலும் ஈர மணல் எல்லாருக்கும் பொது. இங்க இல்ல. பொதுமக்களுக்கு அந்த மணல்ல மூணே மூணு உரிமை: மீன் பிடிக்கலாம், பறவை சுடலாம், படகு விடலாம். நடக்கலாமான்னு கேட்டா, கூடாது! 1974-ல காலாற நடக்கவாவது விடலாம்னு சட்டம் கொண்டு வரப் பாத்தாங்க. அது சொத்தப் பறிக்கிற மாதிரின்னு மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால இங்க ஒரு பழைய ஜோக்கு: கடலோரம் வாக்கிங் போகணுமா, கையில ஒரு தூண்டில எடுத்துக்கிட்டுப் போ.

அப்போ நமக்கு ராஜ உரிமைதானே? மீன்பிடி உரிமை கிட்டத்தட்ட நாலு நூற்றாண்டா பத்திரமா இருக்கே? இருக்கு. ஆனா மணலுக்குப் போய்ச் சேரணுமே! தனியார் தோட்டத்தத் தாண்டிப் போக உரிமை கிடையாது. பொது வழி இருக்கிற இடத்துல கார் நிறுத்த விட மாட்டான். ஒரு ஊர்ல (பேர் வேணாம்) கடற்கரைத் தெரு நெடுக "ஊர்வாசிகள் ஸ்டிக்கர் உள்ள வாகனம் மட்டும்"னு போர்டு. விடிகாலை அஞ்சு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். "நீங்க இங்க தாராளமா மீன் பிடிக்கலாம் சார். உங்க கார்தான் இங்க இருக்கக் கூடாது."

அதுக்கு என்ன பதில் சொல்றது? காரத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டா பிடிக்க முடியும்?

மச்சான், இதுதான் விஷயம். குருவி உன்ன நாலு மாசம் வெளிய நிறுத்துது, அதுக்குக் காரணம் சொல்லுது, வேலை முடிஞ்சதும் வழி விடுது. அந்த ஊர் ஸ்டிக்கர் பன்னெண்டு மாசமும் வெளிய நிறுத்துது, காரணமும் கிடையாது. புகலிடத்துக் கேட்ல உன் முகவரிய யாரும் கேக்கறதில்ல. பணக்கார ஊர்க்காரனும் வரிசையிலதான் நிக்கிறான், வாடகை வீட்டுக்காரனும் அதே வரிசைதான். நிறுத்துற இடம் நிரம்பிட்டா கேட்ட மூடிடறாங்க, அப்பவும் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மூடறாங்க. பறவைக்குன்னு வாங்கிப் போட்டதாலதான் அந்த ஆறு மைல்ல இன்னும் மாளிகை முளைக்கல. குருவி இல்லேன்னா உனக்குப் பீச் கிடைச்சிருக்கும்னா நினைக்கிறே? நாப்பது வீடும் நாப்பது வேலியும்தான் கிடைச்சிருக்கும்.

"நம்ம ஊர்ல எப்படி?"ன்னு அடுத்து கேப்பான், தெரியும். நம்ம காவிரியிலயே இந்தக் கதை நடந்திருக்கு. கர்நாடகத்துல காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ள பீமேஸ்வரி, காலிபோர்னு மீன்பிடி முகாமெல்லாம் இருந்தது. கேழ்வரகு மாவக் களியாக் கிண்டி உருட்டி, அதத் தூண்டில்ல வச்சு, ஆளு உசரத்துக்கு வர்ற மஹ்சீரப் பிடிச்சு, போட்டோ எடுத்துட்டு திருப்பி ஆத்துல விட்டுடுவாங்க. சரணாலயத்துல மீன் பிடிக்கறதும் வேட்டைதான், விட்டாலும் வேட்டைதான்னு சொல்லி அதெல்லாம் மூடிட்டாங்க. சட்டப்படி சரிதான். ஆனா காலிபோர்ல 1998-லிருந்து 2012 வரைக்கும் பிடிச்ச மீன ஒண்ணு விடாம நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் எப்படி அருகிப் போகுது, வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் எப்படி பெருகுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் அந்த நோட்ட வச்சுத்தான் சொன்னாங்க. 2018-ல திமில் மஹ்சீர் மிக அருகிப் போன இனமா அறிவிக்கப்பட்டுச்சு. தூண்டில்காரன வெளிய அனுப்பினதோட அந்த நோட்டும் மூடிடுச்சு. எனக்கென்னமோ, அடியோட மூடறதுக்கும் அடியோட திறக்கறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குன்னுதான் தோணுது. பார்க்கர் ரிவர் அந்த நடு இடத்துல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கிட்டு இருக்கு.

சரி மச்சான், நீ வர்றதுன்னா செப்டம்பர்ல வா. ஜூலை நடுவுலிருந்து ஆகஸ்ட் முதல் பாதி வரைக்கும் கதவு திறந்திருந்தாலும் வராதே. சதுப்புல பொறக்கிற பச்சைத்தலை ஈ அப்போதான் கிளம்பும். நம்ம ஊர் மாட்டு ஈயோட பங்காளி. அது குத்தாது, தோல அறுத்து ரத்தம் குடிக்கும். முழுக்கைச் சட்டை போட்டா சட்டைக்கு மேலயே வேலையக் காட்டும். அதப் பிடிக்கச் சதுப்பு முழுக்க கருப்புப் பெட்டி வச்சிருப்பாங்க, பாத்தாலே எவ்வளவுன்னு தெரியும். செப்டம்பர்ல ஈயும் இருக்காது, கயிறும் இருக்காது, ஸ்ட்ரைப்பர் தெற்கே கிளம்பறதுக்கு முன்னாடி வெறி பிடிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கும். பீச் செங்குத்தா இறங்கும், இழுப்பு ஜாஸ்தி, காப்பாத்த ஆளும் கிடையாது. முட்டிக்கு மேல தண்ணியில இறங்காதே.

அப்புறம் உன் நாயக் கூட்டிட்டு வந்துடாதே. போன வருஷம் எங்க பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் ஆசையாக் கூட்டிட்டு வந்தார். நாய்க்கு அனுமதியே இல்ல. கயிறு கட்டினாலும் இல்ல, காருக்குள்ளயே உக்காந்திருக்கும்னு சொல்லிப் பாத்தாலும் இல்ல. கேட்லயே வண்டியத் திருப்பினார்.